இயற்கைக் காப்பகங்களில் நாயுடன் நடைப்பயணம்

நாயுடன் நடைப்பயணம் என்பது காடு, மலை, புல்வெளி, கடற்கரை முதலிய இயற்கையான நிலப்பகுதிகளில் அமைந்த நடைவழிகளில் வளர்ப்பு நாயை உடன் அழைத்துச் செல்லும் பொழுதுபோக்கு ஆகும். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் இது பரவலாக வழக்கில் உள்ளது. நடப்பவருக்கு நாய் ஒரு துணை. அந்நிலத்தில் வாழும் மான், முயல், பறவை ஆகியவற்றுக்கோ அது ஒரு கொன்றுண்ணி விலங்கு. இந்த முரண்பாட்டின் காரணமாகவே காப்பகங்களில் நாய்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் வாழும் உயிரினங்களின் இயல்பைப் பொறுத்து இவ்விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

காட்டுயிர்கள் மீதான தாக்கம்

அச்சமும் விலகலும்

நாய் எதையும் துரத்தாவிட்டாலும், அதன் தோற்றமும் மணமும் குரைப்பும் காட்டு விலங்குகளை அஞ்சச் செய்கின்றன. அஞ்சிய விலங்கு மேய்வதை நிறுத்துகிறது. பறவை கூட்டை விட்டு எழுகிறது. இது திரும்பத் திரும்ப நிகழும்போது அவ்வுயிரினங்கள் நடைவழியை ஒட்டிய நிலத்தைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடுத்த காடுகளில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வு இதனை அளந்து காட்டியது. கயிற்றில் கட்டிய நாயுடன் ஒருவர் நடந்து சென்ற வழிகளில், பறவை இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 35 விழுக்காடும், பறவைகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 41 விழுக்காடும் குறைந்தன. மனிதர் மட்டும் நடந்து சென்றபோது ஏற்பட்ட விளைவு இதைவிடக் குறைவாக இருந்தது. நாய்கள் வழக்கமாக வந்து செல்லும் இடங்களிலும் பறவைகள் அவற்றுக்குப் பழகிவிடவில்லை என்பது இவ்வாய்வின் முக்கிய முடிவாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரின் திறந்தவெளி நிலங்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2008 இல் வெளியானது. நாய்களுக்கு அனுமதி இல்லாத நடைவழிகளில் மியூல் மான்களின் நடமாட்டம் வழியிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவு வரை குறைந்திருந்தது. அனுமதி உள்ள வழிகளில் இக்குறைவு குறைந்தது 100 மீட்டர் வரை நீண்டது. வழியின் இரு புறமும் இவ்வாறு நிகழ்வதால், நடைவழிகள் நெருக்கமாக அமைந்த சிறிய காப்பகங்களில் விலங்குகள் அமைதியாக வாழக்கூடிய பரப்பு பெரிதும் சுருங்குகிறது.

கிவி பறவைகளின் இழப்பு

நியூசிலாந்தின் கிவி பறக்க இயலாத பறவை. நிலத்தில் வளை அமைத்து வாழும் இதன் உடலிலிருந்து கடுமையான மணம் வீசுகிறது. பறக்கும் பறவைகளில் இருப்பது போன்ற வலுவான மார்பெலும்பு இதற்கு இல்லை. ஆகவே நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் கிவி இறந்துவிடக்கூடும். 1987 இல் வைத்தாங்கி காட்டில் சுற்றித் திரிந்த ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய் சில வாரங்களில் பெருந்தொகையான கிவிகளைக் கொன்றது. வானொலி அலைபரப்பி பொருத்தப்பட்டிருந்த பறவைகளில் 13 இறந்து கிடந்தன. அக்காட்டில் இருந்த ஏறத்தாழ 900 பறவைகளில் 500 வரை இறந்திருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

கழிவும் நோயும்

நாயின் கழிவு மண்ணுக்கு உரமாகும் என்று கருதப்படுவதுண்டு. வளம் குன்றிய மண்ணுக்குப் பழகிய தாவரங்களுக்கு அவ்வுரமே கேடாக அமைகிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகரை அடுத்த இயற்கைக் காப்பகங்களில் செய்யப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வின்படி, நாய்களின் கழிவால் ஆண்டுக்கு ஓர் எக்டேருக்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் நைதரசனும் 5 கிலோகிராம் பாஸ்பரசும் சேர்கின்றன. இதனால் வேகமாக வளரும் சில தாவரங்கள் பெருகி, அரிய தாவரங்களை நெருக்கி அழிக்கின்றன. பாஸ்பரசு பெரும்பாலும் மலத்தில் இருப்பதால், அதை எடுத்துச் செல்வது பாஸ்பரசு சேர்வதைப் பெரிதும் தடுக்கும். சிறுநீரால் சேரும் நைதரசனை இவ்வாறு தடுக்க இயலாது.

வெறிநாய்க்கடி நோய், டிஸ்டெம்பர் முதலிய தொற்றுகள் நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடியவை. 1994 இல் தன்சானியாவின் செரெங்கெட்டி பகுதியில் டிஸ்டெம்பர் நோயால் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்தது. அந்நோய்க்கு அப்பகுதியை அடுத்த ஊர்களின் நாய்கள் மூலமாகக் கருதப்பட்டன. காப்பகத்துக்கு வரும் நாய்க்குத் தடுப்பூசி இட்டிருக்க வேண்டும் என வலியுறுத்தப்படுவதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

நாடுகளின் விதிமுறைகள்

ஐக்கிய அமெரிக்கா

தேசியப் பூங்காக்களில் நாயைக் கட்டும் கயிறு 6 அடிக்கு (ஏறத்தாழ 1.8 மீட்டர்) மேற்படக் கூடாது என்பது பொது விதி. நடைவழிகளில் அனுமதி உண்டா என்பதைப் பூங்காவின் தன்மையே முடிவு செய்கிறது.

- யெல்லோசுடோன்: எந்த நடைவழியிலும் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை. சாலை, வாகன நிறுத்தம் ஆகியவற்றை ஒட்டிய இடங்களோடு அவை நிற்க வேண்டும். கரடி, ஓநாய் ஆகியவற்றுடன் கொதிநீர் ஊற்றுகளும் இங்கு நாய்களுக்கு ஆபத்தானவை.
- கிரேட் சுமோக்கி மலைகள்: இரண்டு குறுகிய நடைவழிகளில் மட்டும் அனுமதி உண்டு.
- செனன்டோவா: ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடைவழிகளில், 32 கிலோமீட்டருக்கும் குறைவானவற்றில் மட்டுமே தடை உள்ளது.
- அகேடியா: ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நடைவழிகளிலும் 72 கிலோமீட்டர் பழைய வண்டிப் பாதைகளிலும் நாயுடன் செல்லலாம்.

போல்டர் நகரில் 2006 இல் வேறொரு முறை நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் கண்பார்வையில் இருந்து, அழைத்தவுடன் திரும்பி வரும் நாய்கள், நகரத்திடம் பதிவு செய்து பெற்ற அடையாள வில்லையுடன் குறிப்பிட்ட வழிகளில் கயிறின்றிச் செல்லலாம்.

இங்கிலாந்து

2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புற அணுக்கச் சட்டப்படி, பொதுமக்கள் நடக்க உரிமை பெற்ற திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் சூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். இது வானம்பாடி, ஆட்காட்டி போன்ற, தரையில் கூடு கட்டும் பறவைகளின் இனப்பெருக்கக் காலம் ஆகும். கால்நடைகளின் அருகில் ஆண்டு முழுவதும் இவ்விதி பொருந்தும். இதற்கு மாறாக ஒரு வழிகாட்டுதலும் உண்டு. பசுக்கள் துரத்தி வரும்போது மட்டும் கயிற்றை விட்டுவிட வேண்டும். பசுக்கள் குறிவைப்பது நாயை. அது ஓடித் தப்பிவிடும், கயிற்றைப் பிடித்திருப்பவரே மிதிபட நேரும்.

நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும்

நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களில் வளர்ப்பு நாய்களுக்குத் தடை உள்ளது. அனுமதி உள்ள வேறு காடுகளுக்கு வரும் நாய்கள், கிவியின் மணத்தை உணர்ந்தால் விலகிச் செல்லப் பயிற்றுவிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நாய்களுக்கு அனுமதி இல்லை.

பணி நாய்கள்

கண்பார்வையற்றோருக்கு உதவும் வழிகாட்டி நாய்கள் போன்ற பயிற்சி பெற்ற பணி நாய்களுக்குப் பல நாடுகளில் மேற்கண்ட தடைகளிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. பார்வையற்ற பில் இர்வின், ஓரியன்ட் என்ற தம் வழிகாட்டி நாயுடன் 1990 இல் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,400 கிலோமீட்டருக்கும் நீண்ட அப்பலாச்சியன் நடைவழி முழுவதையும் நடந்து முடித்தார். இதைச் செய்து முடித்த முதல் பார்வையற்றவர் அவரே.

காட்டுயிர்களைக் காக்கும் பணியிலும் நாய்கள் ஈடுபடுத்தப்படுகின்றன. 1890களில் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹென்றி, வாய்ப்பூட்டு இட்ட நாயின் உதவியால் ககாப்போ, கிவி ஆகிய பறவைகளைத் தேடிப் பிடித்து, பாதுகாப்பான தீவுக்கு மாற்றினார். கிவிக்குக் கேடாக அமைந்த அதே மோப்ப ஆற்றல் இங்கு அதனைக் காக்கப் பயன்பட்டது.

நாயின் நலம்

நாயின் உடலில் வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே சுரக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. எனவே மனிதர் தாங்கும் வெயிலையும் நாயால் தாங்க இயலாமல் போகலாம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து நேரும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. உரிமையாளரைப் பின்தொடரும் விருப்பத்தால், களைத்த பின்னரும் நாய் நடந்துகொண்டே இருக்கும். ஆகையால் நிறுத்த வேண்டிய நேரத்தை மனிதரே அறிய வேண்டும்.

சூடான பாறைகள் பாதங்களைப் புண்ணாக்கும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமிகள் இருக்கக்கூடும். நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரைக் குடித்த நாய் சில மணி நேரத்திலேயே இறந்துவிடவும் கூடும். உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. இளங்குட்டிகளின் எலும்புகள் முழு வளர்ச்சி அடையும் முன் அவற்றை நெடுந்தொலைவு நடத்துவது நல்லதல்ல.

கடைப்பிடிக்க வேண்டியவை

- புறப்படும் முன் அந்தக் காப்பகத்தின் விதிகளை அறிதல்.
- நாயைக் குறுகிய கயிற்றில் பிடித்து, நடைவழியை விட்டு விலகாமல் செல்லுதல். கயிறின்றி ஓடும் நாய், சினமுற்ற கரடியைத் தன் உரிமையாளரிடமே இழுத்து வந்துவிடலாம்.
- எதிரே வருவோருக்கும் குதிரைகளுக்கும் ஒதுங்கி வழிவிடுதல்.
- நாய்க்கெனத் தனியே குடிநீர் எடுத்துச் செல்லுதல்.
- மலத்தைப் பையில் இட்டு வெளியே கொண்டு வருதல். பையை வழியோரம் விட்டுச் செல்வது கூடாது.
- திரும்பியதும் உண்ணி, முள், பாதப் புண் ஆகியவை உள்ளனவா எனப் பார்த்தல்.

இவற்றையும் பார்க்கவும்

- தேசியப் பூங்கா
- அப்பலாச்சியன் நடைவழி
- கிவி
- வழிகாட்டி நாய்