இசைத்தட்டுகளை யாரிடம் விற்பது?

இசைத்தட்டுச் சேகரிப்பை விற்க முனைவோர் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் விசாரிக்கின்றனர். வாங்குபவர் அதனைப் பிரிக்காமல் காப்பாரா என்பதே முதலில் கேட்கத்தக்கது. 78 சுழற்சி அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். ஆகவே 1930களில் தமிழ் நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட ‘செட்டு’களாக வெளிவந்தன. நல்ல பாட்டுள்ள தட்டை மட்டும் ஒருவர் எடுத்துச்சென்றால் கதை அறுந்துபோகும். 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான வினைல் நெடுந்தட்டில் இச்சிக்கல் குறைவு. அங்கே உறையும் பின்னட்டைக் குறிப்பும் தொலைவதே இழப்பு.

நம்பத்தக்க வாங்குநருக்குத் தமிழில் சொல்லத்தக்க சான்று நூல் சேகரிப்பிலிருந்தே கிடைக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசு, துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ் எனப் பிறர் குப்பையென எறிந்தவற்றையும் சேர்த்துவைத்தார். 1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடமிருந்து தொகுப்பை வாங்கியது, ஆயினும் கப்பலேற்றவில்லை. நுண்படம் எடுக்க ஏற்பாடு செய்து, மூலங்கள் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைய வழிசெய்தது. விற்ற பொருள் தமிழகத்தை விட்டுப் போகாத அரிய விற்பனை அது.

இசைத்தட்டுக்கு இத்தகையவர் எளிதில் வாய்ப்பதில்லை. கனமான பொருள், கீறும், உடையும். எனினும் விலை பேசுமுன் நிறுவனப் பெயர், வரிசை எண், உள்வட்டத்தில் பொறித்த மாட்ரிக்ஸ் எண், பாடியவர் பெயர் ஆகியவற்றைப் பட்டியலிட்டுவிடலாம். பின்னர் தொகுப்பு சிதறினாலும், எவையெல்லாம் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தன என்பதற்கு அப்பட்டியல் ஆவணமாகும். அதனைப் பார்த்துப் பத்துத் தட்டுகளை மட்டும் கேட்பவரிடம், எஞ்சியவற்றை என்ன செய்வதென்று விற்பவர் தயங்காமல் கேட்கலாம்.