காதை நம்பலாம், கண்ணை?

புது ஃப்ளாட்டுக்கு ஸ்பீக்கர் தேடும் நம்மவர்களிடம் கடையில் சொல்வது: "கிராஃப் கிடக்கட்டும் சார், காதை நம்புங்க." லட்ச ரூபாய்ப் பெட்டி அளவீட்டில் தடுமாறினாலும் இதே பதில்தான்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஃப்ளாய்ட் டூலும் காதைத்தான் நம்பினார், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்து! 1985-86ல் அவர் வெளியிட்ட முடிவு: அளவீட்டில் சீராக இருந்தவற்றையே பெரும்பாலோர் விரும்பினார்கள்.

1994ல் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரைச் சோதித்தார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மார்க் எகிறியது. (இத்தனைக்கும் ஸ்பீக்கர் செய்யும் கம்பெனி ஆட்கள்!) அவற்றில் இரண்டு ஒரே ஸ்பீக்கர்தான், ஜெர்மானியர் ரசனைக்கு, வட ஐரோப்பியர் ரசனைக்கு என்று உள்ளே கிராஸ்ஓவர் சர்க்யூட் மட்டும் வேறு. திரை போட்டதும் வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. பிறகு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே மாடலாக்கி விட்டார்கள்.