மண்ணடுக்கும் கல்லெழுத்தும்

காஞ்சி மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோயில்களிலிருந்தே தொடங்கினர். கயிலாசநாதர் கோயிலையும் வைகுந்தப் பெருமாள் கோயிலையும் எழுப்பிய பல்லவ மன்னர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவற்றுக்குக் கல் சுமந்தோர் எவர், அவர்கள் குடியிருந்த இடம் எது என்பதை நாம் அறியோம். பெயர் பொறிக்கப்பெறாத மக்களின் வரலாற்றை எவ்வாறு அறிவது? நம் சமுதாய இளைஞர் முன் நிற்கும் வினா இது. பெருமிதமோ சினமோ இதற்கு விடை தாரா. முறையான ஆய்வே தரும்.

இந்நகரில் 1962-63இல் மத்தியத் தொல்லியல் துறையினரும், 1969-70 முதல் சில பருவங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் அகழாய்வு நடத்தினர். பல்லவருக்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்களும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. அகழ்வோர் நிலத்தைச் சதுரங்களாக அளந்து, அடுக்கடுக்காக மண்ணை நீக்குவர். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பது விதி. பிற்காலத்தவர் தோண்டிய குப்பைக்குழியோ கிணறோ குறுக்கிட்டால் இவ்வரிசை குலைந்துவிடும். அதனைக் கண்டறிவதே அகழ்வோரின் திறமை. ஒவ்வோர் ஓடும் எக்குழியில், எவ்வடுக்கில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று சீட்டு எழுதப்பெறும். சீட்டை இழந்த ஓடு ஊமையாகிவிடும்.

பின்னர் எண்ணிக்கை. ஒரு பெரிய சாடி நூறு துண்டாக உடையும். சிறு கிண்ணம் ஐந்தாகவே உடையும். துண்டுகளை மட்டும் எண்ணினால் சாடிகளே மிகுதி எனத் தவறாக முடிவு செய்வோம். ஆதலின் எடையையும் பார்ப்பர்; வாய்விளிம்புகளைத் தனியே எண்ணுவர். தறியில் இழை எண்ணி வாழும் ஊருக்கு இக்கணக்கு புதிதன்று!

புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த வீலர், உருள்வரிக் கோலமிட்ட மட்கலங்கள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை எனக் கருதினார். காஞ்சியிலும் அவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. விமலா பெக்லி போன்றோரின் ஆய்வும், களிமண்ணின் வேதியியல் பகுப்பாய்வும் அவை நம் துணைக்கண்டத்திலேயே வனையப்பெற்றவை எனக் காட்டின. பேரறிஞர் கூற்றாயினும் சான்றின் முன் மாறும்.

ஓட்டை எண்ணுவது போன்றே கல்வெட்டுச் சொற்களையும் எண்ணலாம். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மத்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் மக்கட்பெயர்களைக் கணிப்பொறியின் துணையுடன் தொகுத்து, 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். எப்பட்டம் எக்காலத்தில், எப்பகுதியில் மிகுகின்றது என்பதை அதிலிருந்து கணக்கிட்டுக் கூற இயலும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த நிலக்கணக்கை நம்மவர் அனைவரும் படித்தல் வேண்டும். ஊர்களின் மொத்த நிலத்திலிருந்து வரியில்லா நிலம் கழிக்கப்படுகின்றது. அப்பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் நிற்கின்றது. இதனைக் கண்டு, நம் முன்னோர்க்கு மன்னன் வரிச்சலுகை அளித்தான் என மகிழ்வோர் உளர். ஊர்நத்தமும் அவ்வாறே கழிக்கப்பட்டதை நோக்குக! விளையாத நிலம் என்பதே காரணம். ஆயினும், சேரி ஊரிலிருந்து தனித்திருந்தது என்பதற்கு இவ்வறண்ட கணக்கே உறுதியான சான்று.

நம் மாவட்டத்து உத்தரமேரூர்க் குடவோலை முறையை மக்களாட்சி எனப் பலரும் போற்றுவர். முதற் பராந்தகன் காலத்து (921) கல்வெட்டு கூறும் தகுதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுக: கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்து முதல் எழுபது வயது, வேதப் பயிற்சி. நிலம் குறைந்தோர்க்கு விலக்கு உண்டு. அதற்கும் மிகுந்த வேதக் கல்வி வேண்டும். ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, அதனால் நீக்கப்பெறுவோர் யாவர் எனக் குறிக்க. உழுது பயிரிட்டோர் பெயர் அக்குடத்துள் விழ வழியில்லை என்பது தானே விளங்கும்.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் பெருங்கற்கால ஈமக் கல்வட்டங்கள் பலவுண்டு. உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ தாழியோ எழுத்துடைய கல்லோ தென்பட்டால், புதையல் என எண்ணி உடைத்தலாகாது. கிடந்தவாறே விட்டு, இடத்தையும் ஆழத்தையும் அளந்து, நாளிட்டுக் குறித்து, படமெடுத்து, வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ எழுதுக. அக்குறிப்பின் படியொன்றைத் தம்மிடத்தும் வைத்துக்கொள்க.