537 வாக்குகளும் அமெரிக்க முஸ்லிம்கள் எடுத்த முடிவும்

நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி, "அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே" என்று புலம்புவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அந்தச் சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்ற எச்சரிக்கையை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவர். ஆயினும் தடுக்கப்பட்டது விதியின் மீதான முறையீடேயன்றி, நடந்ததை ஆராய்ந்து படிப்பினை பெறுவதன்று என உலமாக்கள் விளக்கம் தந்துள்ளனர். அந்த எல்லைக்குள் நின்றே 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலை நாம் நோக்குவோம். எத்தனையோ தேர்தல்கள் இருக்க இதை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அமெரிக்க முஸ்லிம்களின் முக்கிய அரசியல் அமைப்புகள் நான்கு ஒன்றுகூடி, ஒரே வேட்பாளருக்கு வெளிப்படையாக ஆதரவு அறிவித்த தேர்தல் அது. அவர்கள் ஆதரித்தவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்.

இன்றைய வாசகருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஈராக் போரின் பெயரோடு பிரிக்கவியலாதபடி இணைந்துவிட்ட ஒருவரையா முஸ்லிம்கள் ஆதரித்தனர் என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2000-இல் அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர் மட்டுமே. அவரை எதிர்த்து நின்றவர் துணை அதிபர் அல் கோர்.

அப்போது அமெரிக்க முஸ்லிம்களை, குறிப்பாக அரபு நாடுகளிலிருந்து குடியேறியவர்களை, வாட்டிய விவகாரம் 'இரகசியச் சாட்சியம்' என்பதாகும். வெளிநாட்டவர் ஒருவரை நாடு கடத்தும் வழக்கில், அரசு தன்னிடமுள்ள சான்றை அவருக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ காட்டாமல் நீதிபதியிடம் மட்டும் கொடுக்கலாம். எந்தக் குற்றச்சாட்டுக்கு மறுப்புச் சொல்வது என்றே அறியாமல் அந்த மனிதர் சிறையில் கிடப்பார். ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் பலஸ்தீனக் கல்வியாளர் ஒருவர் இவ்வாறு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்டிருந்தார். இதற்குக் கூடுதல் இடமளித்த சட்டங்களில் 1996-இல் கையொப்பமிட்டவர் கோரின் தலைவரான அதிபர் கிளின்டன். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மற்றவரின் வாதத்தையும் கேட்காமல் தீர்ப்பு வழங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் படித்து வளர்ந்த ஒரு சமுதாயத்திற்கு இது எப்படி உறுத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2000 அக்டோபர் 11 அன்று நடந்த இரண்டாவது தொலைக்காட்சி விவாதத்தில், அரபு அமெரிக்கர்கள் இரகசியச் சாட்சியத்தால் பாதிக்கப்படுகின்றனர் என்றும், அதற்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்றும் புஷ் கூறினார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் மேடையில் தங்கள் வேதனை ஒலித்ததை முஸ்லிம்கள் அதுவரை கண்டதில்லை. அதே விவாதத்தில்தான் அவர், அமெரிக்கா பிற நாடுகளிடம் பணிவோடு நடக்க வேண்டும், பிற நாடுகளைக் கட்டியெழுப்பும் வேலைக்குத் தன் படைகளை அனுப்பக் கூடாது என்றும் பேசினார்! பன்னிரண்டு நாட்களில் அந்த நான்கு அமைப்புகளின் கூட்டமைப்பு தன் ஆதரவை அறிவித்தது.

நவம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. நாடு முழுவதும் எண்ணப்பட்ட வாக்குகளில் கோரே ஐந்து லட்சத்துக்கும் மேல் முன்னிலை பெற்றார். ஆனால் அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள். 25 தேர்வாளர்களைக் கொண்ட ஃபுளோரிடா யாருக்குக் கிடைக்கிறதோ அவரே அதிபர் என்ற நிலை உண்டானது. அம்மாநில ஆளுநர் புஷ்ஷின் உடன்பிறந்த சகோதரர். பாம் பீச் மாவட்டத்தில் பெயர்கள் இரு பக்கமும் அச்சிடப்பட்டு நடுவில் துளையிட வேண்டிய குழப்பமான வாக்குச்சீட்டு. அதில் துளை தவறியவர்கள் பல்லாயிரம். லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த மூன்றாம் அணி வேட்பாளர் ரால்ஃப் நாடர் அம்மாநிலத்தில் பெற்றவை 97,488 வாக்குகள். சுமார் 60 லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் இறுதியாக அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 537. மறு எண்ணிக்கையை டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நிறுத்தியது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

பின்னர் பத்திரிகை நிறுவனங்கள் கூட்டாக அந்த வாக்குச்சீட்டுகளை ஆராய்ந்தன. கோர் கேட்டிருந்த அளவுக்கு மட்டும் மறு எண்ணிக்கை நடந்திருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார் என்றும், மாநிலம் முழுவதும் செல்லாதவையென ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் எண்ணியிருந்தால் கோர் மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றிருக்கக்கூடும் என்றும் அதில் தெரியவந்தது. அவர் கேட்கத் தவறியதுதான் அவருக்கு வெற்றியைத் தந்திருக்கக்கூடியது.

இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிய முடிவு மறுபக்கம் சாய்ந்திருந்தால்?

செப்டம்பர் 11 தாக்குதலே நடந்திருக்காது என்று சொல்வோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. அச்சதி கிளின்டன் காலத்திலேயே உருவானது. அதை நிறைவேற்றியவர்களில் சிலர் 2000-இன் கோடையிலேயே அமெரிக்காவுக்குள் வந்து, அதே ஃபுளோரிடாவில் விமானம் ஓட்டப் பயின்றுகொண்டிருந்தனர். வாக்குச்சீட்டின் துளைகளை அதிகாரிகள் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர்கள் அம்மாநிலத்தில்தான் இருந்தனர்.

தாக்குதலுக்குப் பின் வந்த 'பேட்ரியாட்' சட்டமும் ஏறக்குறைய அப்படியே வந்திருக்கும் என்றே கருதுகிறோம். செனட் சபையில் அதற்கு ஆதரவாக 98 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. இரு கட்சிகளும் போட்டியிட்டுக்கொண்டு நிறைவேற்றிய சட்டத்தை ஓர் அதிபர் மாறியிருந்தால் மட்டும் தடுத்திருக்க முடியாது. ஆப்கானிஸ்தான் போரும் அவ்வாறே.

ஈராக் வேறு வகை. அங்கே மனிதர் மாறினால் முடிவும் மாறியிருக்கும். கோர் ஒன்றும் போரை வெறுத்தவரல்லர். 1991 வளைகுடாப் போருக்கு ஆதரவாக வாக்களித்த மிகச் சில ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் அவரும் ஒருவர். அவருடைய துணை அதிபர் வேட்பாளர் லீபர்மேன் ஈராக் படையெடுப்பை முழுமனதுடன் ஆதரித்தவர். இருந்தும் 2002 செப்டம்பரில், அவருடைய கட்சித் தலைவர்கள் பலர் வாய்திறக்கத் தயங்கிய வேளையில், சான் பிரான்சிஸ்கோவில் அப்போரை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர் அவர். அந்தப் படையெடுப்பு ஈராக்கின் எதிர்வினையாக வந்ததன்று. வெள்ளை மாளிகையில் இருந்தவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது. அந்த இருக்கைகளில் வேறு மனிதர்கள் இருந்திருந்தால் 2003 மார்ச்சில் பாக்தாத் மீது குண்டுகள் விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்போர் நடவாதிருந்தால் அமெரிக்காவின் உள்நாட்டு அரசியலே உருமாறியிருக்கும். 2008-இல் ஹிலாரி கிளின்டனை ஒபாமா முந்தியதற்கு முதன்மையான காரணம், ஹிலாரி அப்போருக்கு ஆதரவாக வாக்களித்திருந்ததும், ஒபாமா 2002-லேயே அதை எதிர்த்துப் பேசியிருந்ததும் ஆகும். போரில்லையேல் அந்த வேறுபாடில்லை. புஷ் முதலில் வென்றிராவிட்டால் 2005-இல் ஜான் ராபர்ட்ஸ் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகியிருக்கமாட்டார். சில முஸ்லிம் நாட்டவரின் வருகையைத் தடைசெய்த டிரம்பின் ஆணையை 2018-இல் ஐந்துக்கு நான்கு எனச் செல்லுபடியாக்கிய தீர்ப்பை எழுதியவர் அவரே. 2000-இன் ஃபுளோரிடா வழக்கில் புஷ் தரப்புக்குத் துணை நின்ற சட்ட அறிஞர்களிலும் அவர் ஒருவர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கோர் அதிபராக இருக்கையில் தாக்குதல் நடந்திருந்தால், எட்டு ஆண்டுகள் ஆண்ட கட்சியின் அலட்சியமே காரணம் என்று குடியரசுக் கட்சி அவரைக் கிழித்தெறிந்திருக்கும். ஆறு நாட்களுக்குப் பின் வாஷிங்டன் பள்ளிவாசலுக்குச் சென்று, இஸ்லாத்தை இக்குற்றத்தோடு சேர்க்க வேண்டாம் என்று புஷ் பேசினார். அவர் தங்கள் தலைவர் என்பதால் அக்கட்சியினர் அடங்கியிருந்தனர். அதே சொற்களைக் கோர் சொல்லியிருந்தால் அதையே ஆயுதமாக்கியிருப்பார்கள். பத்தாண்டு கழித்துத் தலைதூக்கிய பகிரங்கமான முஸ்லிம் வெறுப்பு 2001-லேயே தேர்தல் முழக்கமாகியிருக்கக்கூடும். கோர் 2004-இல் தோற்றிருக்கவும் கூடும்.

சரி, புஷ்ஷை ஆதரித்த முஸ்லிம்களுக்கு என்ன கிடைத்தது? இரகசியச் சாட்சியம் குறித்து அவர்கள் வெள்ளை மாளிகையில் சந்தித்துப் பேச நேரம் ஒதுக்கப்பட்டிருந்த நாள், 2001 செப்டம்பர் 11 பிற்பகல். அச்சந்திப்பு நடக்கவில்லை. அடுத்த ஆண்டு, 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் அரசு அலுவலகத்தில் நேரில் வந்து கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணை வந்தது. வட கொரியா தவிர ஏறக்குறைய எல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். (இந்தியா அப்பட்டியலில் இல்லை, நம் ஊர்ப் பிள்ளைகள் தப்பியது அதனால்தான்.) 80,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தனர், 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. டாம்பா நகரக் கல்வியாளர் 2000 டிசம்பரில் விடுதலையாகியிருந்தார். 2001 நவம்பரில் மீண்டும் கைதாகி, மறு ஆண்டு நாடு கடத்தப்பட்டார்.

இதைக்கொண்டு அத்தலைவர்களை மூடர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் முன்னிருந்த சான்றின்படி, அநீதியான ஒரு சட்டத்தை நீக்குவதாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுத்தனர். மறைவானவற்றை அறிவது அவர்கள் கையில் இல்லை. அவர்களுடைய தவறு வேறிடத்தில் இருந்தது. அமெரிக்க முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் கறுப்பின மக்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்நாட்டின் தேர்தலையும் நீதிமன்றத்தையும் தலைமுறைகளாகப் பட்டறிந்தவர்கள். கறுப்பின மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் கோரின் பக்கம் நின்ற தேர்தல் அது. அம்முடிவை எடுக்கையில் தங்களை முறையாகக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று கறுப்பின முஸ்லிம்கள் பின்னர் வருந்தினர். குடியேறிவந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் தலைமை வகித்த அமைப்புகள், ஒரே ஸஃப்பில் தொழுத சகோதரர்களை மஷூராவில் மறந்துவிட்டன. ஃபுளோரிடாவில் குற்றவாளிகள் எனப் பிழையாக வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் மிகுதி என்பது தேர்தலுக்குப் பின்னரே நாடறிந்த செய்தியாயிற்று.

2001 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடின. துணை அதிபர் என்ற முறையில் அவைக்குத் தலைமை ஏற்றுத் தன் தோல்வியைத் தானே அறிவிக்க வேண்டியவர் கோர். பிரதிநிதிகள் சபையின் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, ஃபுளோரிடாவின் வாக்குகளுக்கு ஆட்சேபம் தெரிவித்தனர். விதிப்படி ஒரு செனட்டரின் கையொப்பமும் அதற்குத் தேவை. நூறு செனட்டர்களில் ஒருவரும் கையொப்பமிடவில்லை. ஒவ்வோர் ஆட்சேபத்தையும் தள்ளுபடி செய்தவர் கோரே. அந்த அவையில் அன்று முஸ்லிம் உறுப்பினர் எவரும் இல்லை. முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எல்லிசன், 2007 ஜனவரியில் தாமஸ் ஜெபர்சனின் நூலகத்திலிருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பின் மீது கைவைத்துப் பொறுப்பேற்றார். அவரும், அவருக்கு அடுத்து வந்த ஆந்த்ரே கார்சனும் கறுப்பின முஸ்லிம்களே.