புதுப் படகில் விரிசலா? வாரண்டி தர மறுத்தால் மீனவர்கள் என்ன செய்யலாம்?

கடன் வாங்கி புது ஃபைபர் படகு இறக்கியாச்சு. சில மாதத்திலேயே அடிப்பகுதியில் விரிசல், இன்ஜினும் மக்கர். கேட்டால், "தொழிலுக்கு வாங்கின படகு, நுகர்வோர் சட்டத்துல வராது" என்கிறார்கள். உண்மையா?

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது. வாங்கிய வண்டி, இயந்திரத்தை இயக்க ஓரிருவரை உதவிக்கு வைத்தாலும் அவர் நுகர்வோர்தான் என 1995-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், முழுக்க மற்றவர்களை வைத்தே தொழில் நடத்தினால் இது பொருந்தாது.

முதலில் என்ன செய்யணும்?

* விரிசலை நீங்களே பூசி அடைக்காதீங்க. போட்டோ, வீடியோ எடுங்க.
* படகுக்கு யார்டு, இன்ஜினுக்கு அதன் கம்பெனி என வாரண்டி பெரும்பாலும் தனித்தனி. இரண்டு ஆவணங்களையும் பாருங்க.
* போனில் சொன்னால் போதாது. எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை வெச்சுக்கோங்க.
* சரிசெய்யும் வரை அந்தப் படகில் கடலுக்குப் போகாதீங்க.

பதில் வரலையா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் இங்கேயே மனு போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்றவர் வெளியூர் என்றாலும் உங்க மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை.

ஆனால் பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டாகணும். "அடுத்த வாரம் பாக்குறோம்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீங்க.