மண்ணூருக்கு ஒரு சுமைவண்டி

பெங்களூர் நெடுஞ்சாலையில் தண்டலத்தில் வலப்புறம் திரும்பிப் பேரம்பாக்கம் சாலையில் சென்றால் மண்ணூர் வரும். அதே சாலையில் இன்னும் மேற்கே சென்றால் மப்பேடு. அங்குள்ள சோழர் காலத்துச் சிங்கீசுவரர் கோயிலைக் காண நாம் பலமுறை இவ்வழியே சென்றதுண்டு. அப்போதெல்லாம் மண்ணூரைப் பேருந்தின் சன்னல் வழியாகக் கடந்தோமேயன்றி இறங்கியதில்லை. அண்மையில் இறங்க வேண்டியதாயிற்று. காரணம் கல்வெட்டன்று, ஒரு பிக்கப் வண்டி!

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வூர்க்காரர். சில ஆண்டுகள் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு, பிறகு பழைய பிக்கப் ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கினார். சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளில் கடையப்படும் இரும்பு உதிரிகளை ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கொண்டு சேர்ப்பது தொழில். அவ்வண்டி இப்போது ஓய்ந்துவிட்டது. கடைசியாக நின்றபோது ஒரேயொரு உதிரிபாகத்துக்காகப் பத்தொன்பது நாள் காத்திருந்தாராம். அதற்குள் இரண்டு பட்டறைகள் வேறு வண்டிக்கு மாறிவிட்டன. புதிய வண்டிக்கான முன்பணம், தாயார் கழற்றிக் கொடுத்த வளையல்கள். மீதி கடன்.

"எந்த வண்டி எடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் ஐயா" என்றார். நமக்கு ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றவே வராது என்பதை மறைக்காமல் சொன்னோம். அவர் விடவில்லை. "வண்டி தெரிஞ்ச பத்துப் பேரு பத்து விதமாச் சொல்றாங்க. நீங்க வரலாறு சொல்லுங்க ஐயா. முன்னாடி யாரு எதை வாங்கினாங்க, அவங்க என்ன ஆனாங்கன்னு."

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடப்போய்த்தான் இக்கட்டுரை.

தமிழில் சுமைவண்டியின் நம்பகத்தைப் பற்றிய மிகப் பழைய பேச்சு, நாமறிந்தவரை, புறநானூற்றின் 102ஆம் பாடலில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. வண்டியில் பாரம் மிகுதி, இழுக்கும் எருதுகளோ இளையவை. மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உப்பு வணிகர்களான உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். அந்த மாற்று அச்சுக்குச் சேமவச்சு என்று பெயர். அதனைப் போன்றவன் எழினி என்கிறார் ஔவையார். வகுப்பில் இதனை உவமைச் சிறப்புக்காக நடத்துவோம். ஒரு தொழில்நுட்பச் செய்தியாக அதைப் படித்ததில்லை. 'முறியாத அச்சு' என்று அவர் பாடவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த அச்சும் முறியக்கூடும் என்பது உமணருக்குத் தெரியும். முறிந்த இடத்தில் மாற்று உண்டா என்பதே அவர்கள் கேள்வி.

மண்ணூர் இருப்பது தொண்டை நாட்டில். அந்நாட்டின் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் உமணர் வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சக்கரத்தையும் பாரையும் விடாமல் வருணிக்கிறார். வண்டியில் கோழிக்கூடுகூட உண்டு! ஒரகடத்துக்குச் செல்லும் சாலையில் இன்று வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைக் கண்டால் கண்ணனார் என்ன எழுதுவாரோ!

இனி எருதை அவிழ்த்துவிட்டு எஞ்சினுக்கு வருவோம்.

தமிழகச் சாலைகளில் முதலில் ஓடிய மோட்டார் லாரிகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடியவை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து எழும் வாயுவில் வண்டிகளை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கருவிகளைச் செய்து கொடுத்தது. போர் முடிந்தபின் டீசலின் காலம். ருடால்ஃப் டீசல் தம் எந்திரத்தை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். பொறி இல்லை, பிளக் இல்லை. காற்றைக் கடுமையாக அழுத்தினால் எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். குறைந்த சுழற்சியிலும் இழுவை மிகுதி, எண்ணெய்ச் செலவு குறைவு. சுமைக்கென்றே பிறந்த எந்திரம் எனலாம்.

சென்னையில் இதற்கு வழி வகுத்தவற்றுள் சிம்சன் நிறுவனம் முக்கியமானது. 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய அந்நிறுவனம், 1950களில் செம்பியத்தில் பெர்க்கின்ஸ் பி6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் பெர்க்கின்ஸ் ஒலித்தது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டெல்கோ 1954 முதல் பென்ஸ் லாரிகளைச் செய்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்றுமுனை விண்மீன் போய் டாடாவின் எழுத்து வந்தது.

இவையெல்லாம் பெரும்பாலோர் அறிந்தவை. நாம் சொல்ல விரும்புவது இவற்றின் நிழலில் நடந்ததை. செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. பெங்களூரில் 1951இல் வந்த மைகோ, டீசல் எஞ்சினுக்கு உயிரான பம்பையும் நாசிலையும் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. பாடியில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சக்கரம், டைனமோ, பிரேக்கு ஆகிய மூன்றும் ஒரே ஊரில்! உமணர் வண்டியடியில் கட்டிய சேமவச்சு இப்போது பாடியிலும் செம்பியத்திலும் செய்யப்பட்டுக் கடைதோறும் தொங்கியது. லாரித் தொழிலில் நாமக்கல்லும் சங்ககிரியும் பெற்ற பெயருக்குச் சாலையோரத்து மெக்கானிக்கின் கையும் அவர் கைக்கெட்டிய இவ்வுதிரிகளும் பெருங்காரணம் என்பது நம் துணிபு.

இதெல்லாம் பெரிய லாரிக்கு. சிறு சுமைக்கு அந்நாளில் வாய்ப்புகள் குறைவு. டெம்போ, 1969இல் வந்த மெட்டாடர், வண்டலூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு 20, ஜீப்பின் வழிவந்த சில வண்டிகள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் சிறுவயதில் மெட்டாடரில் ஏறாமல் திருமணம் நடந்ததாக நினைவில்லை.

1980களின் நடுவில் நிலைமை சட்டென்று மாறியது. இலகுரகச் சரக்கு வண்டிகளுக்குச் சப்பானியக் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்தது. நான்கு இணைகள் வந்தன: உத்தரப்பிரதேசத்துச் சுராஜ்பூரில் டி.சி.எம். டொயோட்டா, பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்டா, அன்றைய ஆந்திரத்தின் சகீராபாத்தில் ஆல்வின் நிசான், மத்தியப்பிரதேசத்துப் பீதம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சத்தம் குறைவு, ஓட்டுநர் இருக்கையோ காரைப் போல. இவற்றின் முன் நம் நாட்டு வண்டி நிற்குமா என்றுதான் அன்று பேச்சு.

பேசியவர்கள் கணக்கில் கொள்ளாத ஒன்று 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்தது. பிளாசா ஓட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் ஏறத்தாழ 120. சப்பானிலிருந்து பெட்டியில் வந்த ஒவ்வொரு உதிரியின் விலையும் ஏறியது. உள்நாட்டு உதிரிகளைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பது அரசின் விதி. ஆனால் கூட்டுவதற்குள் யென் முந்திக்கொண்டது. கனவில்கூட சப்பானைக் காணாத ஒரு வண்டிக்காரரின் வாழ்வை நியூயார்க்கில் ஒரு மேசையைச் சுற்றி நடந்த பேச்சு தீர்மானித்தது.

1986இல் டெல்கோ 407ஐக் கொண்டு வந்தது. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ மூன்று லிட்டர் எஞ்சின். நளினத்தில் நால்வருக்கும் பின்னேதான். ஆயின் பெருமளவு உள்நாட்டு உதிரிகள், பெரிய லாரியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கின் கைக்குப் பழக்கமான உறுப்புகள். எழுதியதைவிட மிகுதியாகப் பாரம் ஏற்றுவார்கள் என்பதைத் தெரிந்தே கட்டப்பட்ட அடிச்சட்டம். அது வென்றது. ஆல்வின் நிசான் அப்பதின்மத்தின் இறுதிக்குள் மகிந்திராவிடம் போயிற்று. டி.சி.எம். டொயோட்டா 1990களின் நடுவில் தேவூ ஆயிற்று. மற்ற இரண்டும் பிழைத்தன. ஐஷர் தன் காலில் நின்று, 2008இல் வால்வோவுடன் இணைந்தது. ஸ்வராஜ் மஸ்டா 2011இல் பெயர் மாறி எஸ்.எம்.எல். இசுசு ஆகி, 2025இல் மகிந்திராவின் வசம் வந்தது. சப்பானிய எந்திரம் தாழ்ந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. பொறியியலில் அவை உயர்ந்தே இருந்தன. சேமவச்சு கடலுக்கு அப்பால் இருந்தது, அவ்வளவே.

பின்வந்தவற்றை விரைவாகக் கடப்போம். 1988இல் டாடா மொபைல். பிறகு மகிந்திராவின் பிக்கப் வரிசை. அவற்றுள் பொலேரோ பிக்கப் ஊர்தோறும் பரவியது. 2005இல் டாடா ஏஸ்: இரண்டு சிலிண்டர், 702 சிசி. அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டிய தமிழர் யாரோ, அவர் கவிஞர்தான்! 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் கூடி ஓசூரில் செய்த தோஸ்த். கூட்டு 2016இல் முறிந்தும் வண்டி நிலைத்தது. இசுசுவின் டி-மேக்ஸ் சில காலம் திருவள்ளூர் ஆலையில் பூட்டப்பட்டு, 2016 முதல் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் செய்யப்படுகிறது.

இதிலொரு வேடிக்கை. மண்ணூருக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும் 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலையும் வந்தன. ஊரைச் சுற்றிக் காரும் கனரக லாரியும் பிறக்கின்றன. அவற்றுக்கு உதிரி சுமக்கும் பிக்கப் மட்டும் ஓசூரிலிருந்தோ சகீராபாத்திலிருந்தோ வர வேண்டும்! (அந்தச் சகீராபாத் ஆலை, பழைய ஆல்வின் நிசானின் மனைதான்.)

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மாணவர், "அப்ப எல்லா ஊர்லயும் பாகம் கிடைக்கிற வண்டிதான் நல்ல வண்டி, இல்லீங்களா ஐயா?" என்றார். ஆமென்று சொல்ல நாம் வாய் திறக்குமுன், அவர் வழக்கமாக வண்டி விடும் பட்டறையின் மூத்த மெக்கானிக் குறுக்கிட்டார். "சார் சொன்னது 2020க்கு முந்தின கதை தம்பி."

அவர் சொன்னது நமக்குப் புதிது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்க வடிகட்டி ஒன்று வந்தது. நச்சு வாயுவைக் குறைக்கச் சில வண்டிகளில் யூரியாக் கரைசலும் உண்டு. வடிகட்டியில் சேரும் கரி, புகைக்குழாய் நன்கு சூடேறினால்தான் எரிந்து நீங்கும். நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கு இது பொருட்டன்று. ஆலை வாசலில் எஞ்சினை அணைக்காமல் ஒரு மணி நேரம் நின்று, எட்டு கிலோமீட்டர் ஊர்ந்து, மறுபடி நிற்கும் வண்டிக்கு அடைப்பு வரும், விளக்கு எரியும், இழுவை குறையும். அப்போது வேண்டுவது திருகுசாவியன்று, கணினி. "அந்த விளக்கு எரிஞ்சா இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்னு கேட்டுட்டு வண்டி எடு. எங்கிட்ட ஸ்கேனர் இருக்கு. எல்லாக் கம்பெனிக்கும் அது பேசாது" என்றார் அவர். காற்று மாசுபடலாகாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இவ்விதி, பம்பை ஒலியாலேயே அறிந்த ஒரு தலைமுறையின் அறிவைச் செல்லாக்காசாக்கிவிட்டது என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

அன்று மூவரும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். விற்பனைக் கூடத்துக்குப் போகுமுன் உதிரிபாகக் கடைகளுக்குப் போவது. கிளட்ச் தட்டு, தண்ணீர்ப் பம்பு, நாசில், புகைக்குழாயின் சென்சார் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டு, விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் நோட்டில் குறிப்பது. ஏற்றப்போகும் பாரத்தைப் பொய் சொல்லாமல் எழுதுவது. ஒன்றரை டன் இரும்பை முக்கால் டன் வண்டியில் ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் முறிவதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பாகாது. மாணவர் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, சென்னைப் புதுப்பேட்டை என்று மூன்று நாள் அலைந்தார். முதலில் அவர் மனத்தில் இருந்த வண்டி, சென்சாருக்கு வந்த விடையால் பட்டியலின் அடிக்குப் போயிற்று.

எதை வாங்கினார் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். சென்ற மாதம் கல்லூரி வாசலுக்கே வண்டியை ஓட்டி வந்தார். வாரத்துக்கு ஒருமுறை ஓசூர்ச் சுமை ஒன்றையும் பிடித்திருக்கிறாராம், வடிகட்டி சூடேறட்டும் என்று. இருக்கைக்குக் கீழே தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்: ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர் இரண்டு, ஓஸ், ஃபியூசுகள், பல்பு. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் 'சேமவச்சு' என்று எழுதியிருந்தார். உடம்படுமெய் சரியாக இருந்தது.