கித்துள் நாட்டிற் கரையோரச் சாராயம்
சப்பிரகமுவ மாகாணத்து மதுக் குத்தகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மதுவின் வரலாறு என்றதும் ஒழுக்கத்தின் வரலாறே நம் நினைவுக்கு வருகின்றது. சங்கச் சான்றோர் கள்ளையும் தேறலையும் மன்னரின் கொடையோடும் விருந்தோடும் சேர்த்துப் பாடினர். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்தார். இவ்விரு நிலைப்பாடுகளுக்குமிடையே நின்றே தமிழறிஞர் பெரும்பாலும் இப்பொருளை நோக்கி வந்துள்ளனர். ஆயின் மது ஒரு பண்டமுமாகும். அதனை ஆக்குவோர் யார், விற்கும் உரிமை யாருக்குண்டு, விற்ற பணம் எங்கே சென்றது என்னும் வினாக்கள் ஒழுக்கநூல்களிற் கேட்கப்படுவதில்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவப் பகுதியில் இவ்வினாக்களை எழுப்பின், விந்தையானதொரு விடை கிடைக்கின்றது. கித்துள் மரம் செழித்து வளர்ந்த அந்நாட்டில், நூறாண்டுக்கு மேலாகச் சட்டத்தின் துணையோடு பெருவாரியாக விற்கப்பட்டது தென்மேற்குக் கரையோரத் தென்னஞ் சாராயமேயாகும்.

சப்பிரகமுவ கண்டி இராச்சியத்தின் ஒரு திசாவனியாக இருந்தது. 1814இல் மன்னனுக்கு எதிராகத் திரும்பிய எகலப்பொல இப்பகுதியின் திசாவையாக விளங்கியவன் என்பது யாவரும் அறிந்ததே. ஈரமிக்க இம்மலைச்சாரல்களிற் கித்துள் இயல்பாகவே வளரும். தமிழ்நாட்டார் கூந்தற்பனை என வழங்குவதும் இம்மரத்தையே. கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தையும், அதிலிருந்து பெறும் இன்சுவை நீரையும், அந்நீரைக் காய்ச்சிச் சர்க்கரை செய்யும் முறையையும் விவரித்துள்ளார். குடிவெறியைக் கண்டி மக்கள் பெரிதும் வெறுத்தனர் என்றும் அவரே எழுதியுள்ளார். கித்துள் இருந்தது, அதன் நீரைப் புளிக்கவைக்கும் அறிவும் இருந்தது. எனினும் வீதிதோறும் மதுக்கடை என்னும் நிலை அங்கு இருக்கவில்லை.

கித்துட் சீவுதல் குடும்பத் தொழில் என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். வளர்ந்த மரம் உச்சியில் முதற் பாளையை ஈனும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கிப் பாளைகள் தோன்றும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுவிடும். பாளையின் அடியில் வெட்டி, மருந்துக் கலவை வைத்துக் கட்டி, சில நாட்கள் பொறுத்து, பின் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவி முட்டியைக் கட்டவேண்டும். அக்கலவையிற் சேரும் பொருள்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டன. தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்வதில்லை என்பர். ஆண் மரமேறினால், காய்ச்சும் அடுப்பு பெண்ணின் பொறுப்பு. இறக்கிய நீரைச் சிங்களத்திற் தெலிஜ்ஜ என்பர். நாம் பதநீர் என்போம். முட்டியில் ஹல் மரத்துப் பட்டைத்துண்டை இட்டால் அது புளிக்காது நிற்கும்; காய்ச்சினாற் பாணியும் கருப்பட்டியும் ஆகும். பட்டையிடாது சில மணிநேரம் விட்டால், காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்களால் அதுவே கள்ளாகிவிடும். இந்தச் சில மணிநேரத்து வேறுபாட்டின்மீதே பிற்காலத்துச் சட்டங்கள் தம் முழுப்பாரத்தையும் ஏற்றின.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சாராய விற்பனையைக் குத்தகைக்கு விடும் முறை ஒல்லாந்தர் காலத்திலேயே கரையோரத்தில் நிலைபெற்றிருந்தது. ஆங்கிலேயர் அதனைத் தொடர்ந்ததோடு மலைநாட்டுக்கும் விரித்தனர். பிரதேசம் பிரதேசமாக விற்பனையுரிமை ஏலத்தில் விடப்படும். மிகுதியாகக் கேட்டவர் குறித்த காலத்துக்கு அப்பிரதேசத்தின் ஏகபோக உரிமையாளராவார். அவர் பிணை காட்டித் தவணைமுறையில் அரசாங்கத்துக்குப் பணம் செலுத்துவார். தவறணைகளைக் கீழ்க்குத்தகைக்கு விட்டோ ஆள் வைத்தோ நடத்துவார். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சாராயம், றம், கள் என்பன பற்றிய விதிகளை ஒருசேரத் தொகுத்தது. சுங்கம், உப்பு, தானியவரி என்பவற்றோடு சாராயக் குத்தகையும் குடியேற்ற அரசின் முதன்மை வருவாய்களுள் ஒன்றாயிற்று. குடிப்போர் தொகை பெருகுவதில் அரசுக்கே அக்கறை பிறந்தது என்பதை இதிலிருந்து ஊகிப்பது கடினமன்று.

ஏலத்திற் கலந்துகொள்ள வேண்டியது சாராயம் காய்ச்சும் அறிவன்று; பிணையாகக் காட்டத்தக்க காணியும் கைப்பணமுமே. இவை தனியொருவரிடம் போதியளவு இருத்தல் அரிது. ஆகவே குத்தகைத் தொழில் தொடக்கமுதலே கூட்டுத்தொழிலாக அமைந்தது. தமையனும் தம்பியும், மைத்துனனும் மாமனும், ஒரே ஊர் நண்பரும் ஒன்றுசேர்ந்தனர். ஒருவர் பெயரில் ஏலம் எடுக்கப்படும். மற்றொருவர் காணி பிணையாகும். கரையோரத்தில் வடிசாலை வைத்திருந்த உறவினர் சரக்கு அனுப்புவார். நம்பிக்கைக்குரிய இளைஞனொருவன் மலைநாட்டுத் தவறணைகளைக் கவனிப்பான். ஏலத்துக்கு முன்னரே தம்முட் பேசி விலையை ஏறவிடாது தடுத்தலும் உண்டு. மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிகளைச் சேர்ந்த கராவ சமூகத்தவர் இதில் முதன்மை பெற்றனர். பிற சமூகத்தாரும் ஈடுபட்டனர். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் த சொய்சாவின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். கண்டிப் பிரதேசத்துக்கு வணிகம் செய்யச் சென்ற அவர், சகோதரரோடு சேர்ந்து சாராயக் குத்தகையிற் பொருளீட்டினார். 1830களில் ஹங்குராங்கெத்தையில் அரசர்க்குரியதாயிருந்த பழைய தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். 1853இல் முதலியார் பட்டமும் பெற்றார். அவர் மகன் சாள்ஸ் ஹென்றி த சொய்சா கொடைவள்ளலாகப் புகழ்பெற்றதை நாடறியும்.

இவ்வகுப்பின் எழுச்சியை விரிவாக ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன, சாராயக் குத்தகையே இலங்கை முதலாளி வகுப்பின் மூலதனத் திரட்சிக்குப் பிரதான ஊற்று எனக் காட்டியுள்ளார். ஈட்டிய பணம் பெரும்பாலும் தோட்டங்களிலும் காணிகளிலும் நகர மாளிகைகளிலுமே முடங்கியது; கைத்தொழிலாக மலர்ந்தது சிறிதே. இக்கருத்தைச் சப்பிரகமுவவில் நின்று பார்த்தால் மேலுமொன்று சேர்க்கத் தோன்றுகின்றது. குத்தகைக்காரர் கூட்டாகச் சேர்ந்தது மதுவை ஆக்குவதற்கன்று. பிறர் ஆக்கி விற்பதைத் தடுக்கும் உரிமையை வாங்குவதற்கே. தன் வளவிலுள்ள மரத்திலிருந்து இறக்கிய கள்ளை அயலாருக்கு விற்ற கித்துட் சீவுவோன் அந்த உரிமையை மீறிய குற்றவாளியானான். அவனும் குடும்பமாகவே தொழில் செய்தான். அவனுக்கும் நண்பர் இருந்தனர். ஏலத்தில் நிற்கத்தக்க பிணைதான் இருக்கவில்லை.

கரையோரச் சாராயம் சப்பிரகமுவவுக்கு வருவதற்கு வழியும் இருந்தது. களுகங்கை வழியாகக் களுத்துறையிலிருந்து இரத்தினபுரிவரை பாதைப்படகுகள் சென்றுவந்தன. கேகாலைப் பக்கத்துக்கு வண்டித்தெரு திறந்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலையும், அதனையடுத்து இறப்பரும் இங்குப் பரவின. 1876இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் களனிப் பள்ளத்தாக்கின் மலைச்சரிவுகளை மூடின. 1889இல் சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது.

தோட்டங்களுக்கு வந்த தமிழகத்துத் தொழிலாளர் சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை முதலான பகுதிகளிலிருந்து வந்தோர். பனங்கள்ளும் தென்னங்கள்ளும் அவர்கள் அறிந்தனவே. அவை அவர்களின் ஊர்களில் வெயிலுக்கும் உழைப்புக்கும் கொடைவிழாவுக்கும் உரியனவாக இருந்தன. மழையும் அட்டையும் நிறைந்த இம்மலைகளிலே கிடைத்தது காய்ச்சி வடித்த சாராயம். இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டுவோனும் கித்துட் சீவுவோனும் விடியலில் மரத்தையே நாடினர். இருவர் தொழிலும் மெல்லிய சீவலின் நுட்பத்திலேயே தங்கியிருந்தது. மாலையில் இருவரும் ஒரே தவறணையிற் கூடியிருக்கவும் கூடும். அங்கே விற்றதோ இருவரும் சீவாத தென்னையின் சாறு.

தவறணை பெரும்பாலும் தோட்டத்தின் எல்லையை அடுத்த சந்தியிலோ கடைத்தெருவிலோ அமைந்தது. சம்பள நாளே அதன் திருநாள். கங்காணியிடம் முன்பணக் கடன், கடையில் அரிசிக் கடன், துண்டு முறையாற் தோட்டம் மாறும்போதும் கூடவே வந்த கடன் என ஏற்கெனவே கட்டுண்டிருந்த தொழிலாளியின் கையில் எஞ்சிய சிறு காசும் அங்கே சென்றது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, தவறணை ஒழியவில்லை. தோட்டத்துரைமாரின் போக்கு இரட்டைத் தன்மையுடையது. மறுநாள் வேலைக்கு ஆள் குறைந்தபோது தவறணையைக் குறைகூறினர். பங்களாவில் விஸ்கி அருந்துவதை எவரும் வினவவில்லை. சுமையை உண்மையிற் தாங்கியவர் லயத்திலிருந்த பெண்கள். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் அவர்கள் ஈட்டிய கூலியையும் பலவேளைகளிற் கணவனோ தந்தையோ பெற்றுக்கொண்டனர். அவர்களின் துயரை ஏலக் கணக்கிற் காணமுடியாது. மலையக நாட்டார் பாடல்களிலேயே தேடவேண்டும்.

இதே காலத்திற் பிரான்சின் தெற்கே நிகழ்ந்ததொன்று ஒப்புநோக்கத்தக்கது. திராட்சைமதுவின் விலை வீழ்ந்து சிறு பயிர்ச்செய்கையாளர் வணிகரின் பிடியில் நலிந்தபோது, எரோ மாவட்டத்து மரோசான் என்னும் கிராமத்துக் குடும்பங்கள் 1901இற் கூட்டுறவுச் சங்கமொன்றை நிறுவின. 1905இற் பொதுவான மதுச்சாலையைக் கட்டின. சமதர்மத் தலைவர் ழோன் ழோரே அதனை நேரிற் சென்று பார்த்துப் பாராட்டினார். அங்கும் அண்டை அயலாரே ஒன்றுசேர்ந்தனர். ஆயின் அவர்கள் சேர்ந்தது தாம் விளைத்த பழத்தைத் தாமே மதுவாக்கி விற்பதற்கு. சட்டமும் அதற்கு இடமளித்தது. சப்பிரகமுவவிற் கித்துட் குடும்பங்கள் அவ்வாறு சேர்ந்திருப்பின் பெயர் கூட்டுறவு என்றிராது. கள்ளக்கள் வழக்கு என்றே பதிவாகியிருக்கும்.

எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1904இல் ஹாப்பிட்டிகம் கோறளையிற் தொடங்கிய மதுவிலக்கு இயக்கம் மேல், சப்பிரகமுவ மாகாணக் கிராமங்களுக்கு விரைந்து பரவியது. விகாரைகளிற் கூட்டங்கள் நடந்தன. குடிப்பதில்லையென மக்கள் உறுதி பூண்டனர். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைச் சீர்திருத்தப் புகுந்து, கள் விற்பனையைச் சாராயத்திலிருந்து பிரித்துத் தனித் தவறணைகளுக்கு வழிசெய்தபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் இதிற் தலைமைபெற்றனர். மதுவிலக்கு மேடையேறிய குடும்பங்களுட் சிலவற்றின் செல்வத்திற் சாராயப் பணமும் கலந்திருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அவ்வியக்கம் தேசிய உணர்வை வளர்த்தது உண்மையே. ஆனால் அதன் கண்ணுக்குக் கரையோரப் பெருமுதலாளியின் பீப்பாயும் கிராமத்தானின் முட்டியும் ஒன்றாகவே தெரிந்தன. தோட்டத் தொழிலாளியும் அவ்வியக்கத்தின் செவிக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தான். அவனிடம் சிங்களத்திற் பேசுவோரும் இல்லை, தமிழிற் பேசுவோரும் அரியர்.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகக் கூறத்தக்கன. அனுமதிப்பத்திரத்தின்கீழ்க் குடும்ப நிறுவனங்கள் வடிசாலைத் தொழிலில் நிலைபெற்றன, 1924இல் ஜே.பி.எம். பெரேரா தொடங்கிய றொக்லாண்ட் அவற்றுள் ஒன்று. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் எழுந்தது. 1992இல் அதன் வழிவந்த கம்பனி தனியார் கைக்குச் சென்றது. இவை பெரும்பாலும் தென்னையையே நம்பின. கித்துளோ பாணியாகவும் கருப்பட்டியாகவும் சந்தைக்கு வந்தது. கள்ளாக அது கிராமத்து வேலிக்குப் பின்னால் மறைவிற் கைமாறியது; அதற்கும் வழியற்ற தோட்டப்புறத்திற் கசிப்பு புகுந்தது.